அடைமொழி ஒன்றின் வரலாறு

1605 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்பெயின் நாட்டின் மட்ரிட் நகரிலே, ஹுவான் தெ லா குவெஸ்தா என்பவரின் அச்சுக்கூடத்திலிருந்து ஒரு கதை நூல் வெளிவந்தது. அச்சுத் தாள் ஒன்றுக்கு மூன்றரை மரவேதி என அரசாங்க எழுத்தர் விலை விதித்திருந்தார். நூலில் இருந்த தாள்கள் 83. ஆகவே, கட்டப்படாத நிலையில் நூலின் விலை 290½ மரவேதி ஆயிற்று. அதனை எழுதியவர் மிகேல் தெ செர்வாந்தேஸ். 1571 ஆம் ஆண்டில் லெப்பாந்தோக் கடற்போரிலே இடக்கையின் பயனை இழந்தவர். அதன் பின்னர் அல்ஜியர்ஸ் நகரில் ஐந்து ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்தவர். நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு.

அந்நூலை உலகம் இன்று 'டொன் கிஹோத்தே' என்னும் ஒரே பெயரால் அறியும். ஆயின், அதனை அச்சிடுதற்கு 1604 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26 ஆந் திகதி மன்னர் வழங்கிய அனுமதிப் பத்திரத்தில் அந்தப் பெயரே காணப்படவில்லை. 'லா மான்ச்சாவின் இன்ஹெனியோசோ இதால்கோ' என்று மட்டுமே அங்கு எழுதப்பட்டுள்ளது. லா மான்ச்சா என்பது வறண்ட ஒரு நிலப்பகுதி. இதால்கோ என்பது பெருஞ்செல்வமில்லாத சிறு குடிப்பிறப்பாளரைக் குறிக்கும் சொல். எஞ்சி நிற்பது இன்ஹெனியோசோ என்னும் அடைமொழி. கதைத் தலைவனின் பெயருக்கு முன்னரே, அவனைப் புகழும் சொல் அரச ஆவணத்தில் ஏறிவிட்டது.

இந்த ஓர் அடைமொழியை ஆங்கிலத்தில் எவ்வாறு பெயர்ப்பது? நானூறு ஆண்டுகளாக ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இவ்வினாவுக்கு விடை தேடி வந்துள்ளனர். ஒருவர் சொன்ன விடை அடுத்தவருக்கு ஏற்புடையதாக இருக்கவில்லை. சிலர் அச்சொல்லுக்குப் பதிலாக வேறொரு புகழ்மொழியை வைத்தனர். சிலர் அதனை விட்டே விட்டனர். ஒரு சொல்லைப் பற்றிய சிறு சச்சரவாக இது தோன்றலாம். ஆயினும், அச்சொல்லின் பொருளைப் பொறுத்தே கதைத் தலைவன் நகைப்புக்கு உரியவனா, வியப்புக்கு உரியவனா என்பது முடிவாகின்றது. ஆதலின், இதன் வரலாறு அறியத்தக்கது.

முதலில் அச்சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீன் மொழியில் 'இன்கேனியம்' என்றொரு சொல் உண்டு. பிறவியிலேயே ஒருவனுள் அமைந்த இயல்பு என்பது அதன் அடிப்படைப் பொருள். அதிலிருந்து அறிவின் கூர்மை, புதுவது புனையும் ஆற்றல் என்ற பொருள்கள் விரிந்தன. இடைக்காலத்தில், அத்தகைய அறிவாற் செய்யப்பட்ட போர்ப் பொறிகளுக்கும் அதே பெயர் வழங்கலாயிற்று. அந்த வழியிலே பிரெஞ்சு மொழியினூடாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான் 'எஞ்சின்' என்னும் சொல். புகையிரதத்தை இழுக்கும் எஞ்சினும், பாலம் அமைக்கும் எஞ்சினியரும் தமிழர் வாயிலும் நாள்தோறும் வழங்கும் சொற்களல்லவா? அவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஸ்பானிய மொழியிலோ கரும்பாலைக்கும் 'இன்ஹெனியோ' என்றே பெயர்.

எனவே, இன்ஹெனியோ என்பது ஒருவனது மனத்தின் ஆற்றல். அதனை உடையவன் இன்ஹெனியோசோ. தமிழில் நுண்மதியாளன் எனலாம். கற்பனைத் திறன் வாய்ந்தவன் எனலாம். சூழ்ச்சித் திறன் உடையவன் என்றும் சொல்லலாம். மூன்றும் சேர்ந்த ஒரு சொல் தமிழில் எளிதிற் கிடைப்பதன்று. ஆங்கிலத்துக்கும் அதே இடர்ப்பாடுதான்.

செர்வாந்தேஸ் வாழ்ந்த காலத்தில் இது பெருமைக்குரிய சொல்லாக விளங்கியது. அக்காலத்துப் பெரும் நாடகாசிரியரான லோப்பே தெ வேகாவை 'இன்ஹெனியோக்களின் பீனிக்ஸ் பறவை' என்று மக்கள் போற்றினர். புலவர்களையே இன்ஹெனியோக்கள் என்று அழைப்பது வழக்கம். 1611 ஆம் ஆண்டில் கொவரூபியாஸ் என்னும் அறிஞர் ஸ்பானிய மொழிக்கு ஒரு பேரகராதி தொகுத்தார். இன்ஹெனியோ என்பது அறிவின் இயற்கையான வலிமை என்றும், கலைகள் சாத்திரங்கள் அனைத்திலும் ஆராய்ந்து செல்வது என்றும் அவர் பொருள் உரைத்தார். அத்துடன் நில்லாமல், அது செல்லும் துறைகளை அடுக்கிக் காட்டி, அவ்வரிசையின் ஈற்றிலே நுட்பங்களையும், புத்தாக்கங்களையும், ஏமாற்றுக்களையும் சேர்த்தார். புகழ்மொழியின் ஓரத்திலே ஒரு நிழல் விழுந்திருப்பதை அகராதியே காட்டிவிடுகின்றது.

அந்நிழலை மேலும் தெளிவாகக் காட்டுவது ஒரு மருத்துவ நூல். உவார்த்தே தெ சான் ஹுவான் என்னும் மருத்துவர், 1575 ஆம் ஆண்டில், பாயேசா என்னும் ஊரில், மனிதரின் இன்ஹெனியோக்களைப் பரிசோதிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். எந்த மாணவன் எந்தக் கல்விக்குத் தகுந்தவன் என்பதை உடலின் இயல்பு கொண்டு அறியலாம் என்பது அவர் கொள்கை. நினைவாற்றலுக்கு ஈரம் வேண்டும். பகுத்தறிவுக்கு வறட்சி வேண்டும். கற்பனைக்கு வெப்பம் வேண்டும் என அவர் வகுத்தார். இவற்றுள் ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறையும். அளவு கடந்தால் அறிவே நோயாகிவிடும். அந்நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. சமய விசாரணை மன்றத்தின் தடைப் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. பின்னர் 1594 இல் திருத்திய பதிப்பொன்று வெளிவந்தது.

இதனை மனத்திற் கொண்டு செர்வாந்தேசின் முதல் அதிகாரத்தைப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். ஐம்பது வயதை அணுகிய இதால்கோ ஒருவர். ஒடுங்கிய முகமும் வற்றிய உடலும் உடையவர். வீரர் கதைகளில் மோகங் கொண்டு, விளைநிலத்தை விற்று நூல்களை வாங்குகின்றார். இரவெல்லாம் படிக்கின்றார்; பகலெல்லாம் படிக்கின்றார். உறக்கம் குறைந்து படிப்பு மிகுந்ததனால் அவரது மூளை வறண்டு போயிற்று என்கின்றார் ஆசிரியர். வறட்சியும் வெப்பமும் மிகுந்த உடலிலே கற்பனை கொழுந்துவிட்டு எரிவது உவார்த்தே சொன்ன இயல்புக்கு ஒத்தது. செர்வாந்தேஸ் அம்மருத்துவரின் கருத்துக்களுக்குக் கடன்பட்டவர் என 1905 இல் ராபாயெல் சாலில்யாஸ் எழுதினார். 1957 இல் அமெரிக்க அறிஞர் ஓட்டிஸ் கிரீன், இன்ஹெனியோசோ என்னும் இந்த ஓர் அடைமொழியையே எடுத்துக்கொண்டு, அக்கால மருத்துவக் கொள்கையால் அதனை விளக்கிக் கட்டுரை வரைந்தார்.

ஆகவே, அச்சொல் புகழும் சொல்லாகவும், நோயின் பெயரைக் குறிப்பாய் உணர்த்தும் சொல்லாகவும் ஒருங்கே நிற்கின்றது. அதே அதிகாரத்தில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி இதற்குச் சான்று. இதால்கோவிடம் முன்னோர் காலத்துப் பழங்கவசம் உண்டு. முகத்தை மூடும் தலைக்கவசம் இல்லை. அவர் மட்டையினால் ஒன்று செய்கின்றார். ஒரு வார உழைப்பு. அதன் வலிமையைச் சோதிக்க வாளால் ஓங்கி வெட்ட, முதல் வெட்டிலேயே அது சிதறிவிடுகின்றது. மனந் தளராமல், உள்ளே இரும்புக் கம்பிகள் வைத்து மீண்டும் செய்கின்றார். இம்முறை அதனைச் சோதித்துப் பார்க்கவில்லை. சிறந்த கவசம் என்று முடிவு செய்து அணிந்துகொள்கின்றார். செய்யும் திறன் உண்டு. திருத்தும் அறிவும் உண்டு. சோதிக்காமல் விடுவதிலே பித்தும் உண்டு. இம்மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கியதுதான் இன்ஹெனியோசோ.

இத்தகைய சொல்லை ஆங்கிலத்துக்கு முதலிற் கொண்டு சென்றவர் தோமஸ் ஷெல்ட்டன். அவரது மொழிபெயர்ப்பு 1612 ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் வெளியாயிற்று. எந்த மொழியிலும் முதற் பாகம் முழுவதையும் பெயர்த்து அச்சேறிய முதல் மொழிபெயர்ப்பு அதுவே. நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் நாற்பது நாட்களில் அதனைச் செய்ததாக அவர் தமது முன்னுரையிலே குறிப்பிட்டார். தலைப்பில் அவர் இரண்டு அடைமொழிகளை வைத்தார். ஒன்று 'வீரமிக்க' என்பது. மற்றது 'விட்டி' என்பது. இதால்கோவை வீர உலா செல்லும் போர்மறவராகவும் அவர் மாற்றிவிட்டார்.

'விட்டி' என்றவுடன், வேடிக்கையாகப் பேசிச் சபையைச் சிரிக்க வைப்பவர் என்ற எண்ணமே இன்று தோன்றும். டொன் கிஹோத்தேயோ வேடிக்கை பேசுபவரல்லர். தம்மைப் பார்த்துப் பிறர் சிரிப்பதையும் பெரும்பாலும் அறியாதவர். அப்படியாயின் ஷெல்ட்டன் தவறிழைத்தாரா? இல்லை. அவர் காலத்தில் 'விட்' என்பது மனத்தின் ஆற்றல் முழுவதையும் குறித்தது. அறிதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வேரிலிருந்து பிறந்த சொல் அது. உவார்த்தேயின் மருத்துவ நூலை இத்தாலிய மொழிவழியாக 1594 இல் ஆங்கிலப்படுத்திய றிச்சாட் கரூவும், இன்ஹெனியோக்கள் என்பதற்கு 'விட்' என்ற சொல்லையே பன்மையில் வழங்கினார். ஆகவே, அக்காலத்து ஆங்கிலத்தில் இன்ஹெனியோவுக்கு உரிய சொல் அதுவே. ஷெல்ட்டன் குறி பார்த்துத்தான் எய்தார். குறிதான் பின்னர் இடம் மாறியது.

சொற்கள் இவ்வாறு இடம் பெயர்வது தமிழர்க்குப் புதிதன்று. ஒரு காலத்தில் நறுமணத்தைச் சுட்டிய 'நாற்றம்' என்னும் சொல், இன்று அதற்கு மறுதலையான பொருளில் வழங்குகின்றது. ஆங்கிலத்து 'விட்' அத்துணை தூரம் வீழவில்லை. ஆயினும் அதன் எல்லை சுருங்கிற்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது கவிஞரின் சொற்சாதுரியத்தைக் குறிக்கத் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் நகைச்சுவைப் பேச்சின் பக்கம் சாய்ந்தது. 1755 இல் சாமுவேல் ஜோன்சன் தமது அகராதியில் அச்சொல்லுக்கு எட்டுப் பொருள்களை வரிசைப்படுத்தினார். பன்மையில் வரும்போது தெளிந்த புத்தி என்று பொருள்படும் என்பது அவற்றுள் ஒன்று. பித்தேறியவனைத் தன் 'விட்'களை இழந்தவன் என்று ஆங்கிலேயர் சொல்லுவதும் அதனாலேயே. ஆகவே, ஷெல்ட்டன் தெரிந்த சொல்லிலே எதிர்பாராத ஒரு பொருத்தமும் உண்டு. 'விட்'டை இழந்த ஒருவரை 'விட்டி' என்று தலைப்பிலே போற்றும் முரண், செர்வாந்தேசின் புன்முறுவலுக்கு வெகு அண்மையில் நிற்பது.

சொல்லின் பொருள் மாறிய பின்னர் வந்தோர் வேறு வழியை நாடினர். 1687 இல் ஜோன் பிலிப்ஸ் என்பவர் ஒரு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அவர் மகாகவி மில்டனின் மருமகன். மில்டனிடமே கல்வி பயின்றவர். தம் காலத்து ஆங்கிலத்தின் போக்குக்கேற்ப நூலை ஆங்கிலமாக்கியதாக அவர் தலைப்பிலேயே அறிவித்தார். ஸ்பெயினின் இடப்பெயர்களுக்குப் பதிலாக இங்கிலாந்தின் இடப்பெயர்களையும் புகுத்தினார். அத்தகையவர் இன்ஹெனியோசோவைப் பற்றிக் கவலைகொள்ளவில்லை. 'மிகப் புகழ்பெற்ற டொன் கிஹோத்தே' என்று எழுதி அமைந்தார்.

அவரைப் பின்பற்றியது போல, 1700 இல் பீற்றர் மொத்தோ வெளியிட்ட பதிப்பிலும் 'புகழ்பெற்ற' என்பதே வந்தது. மொத்தோ பிரான்ஸ் நாட்டிலே பிறந்து இங்கிலாந்திலே குடியேறியவர். பலர் கூடிச் செய்த மொழிபெயர்ப்பைத் தொகுத்தளித்தவர். 1755 இல் நாவலாசிரியர் ஸ்மொலற் வெளியிட்ட மொழிபெயர்ப்பும் 'புகழ்பெற்ற' என்ற அடைமொழியையே ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய எழுபது ஆண்டுக் காலம் அச்சொல் ஆங்கிலத் தலைப்புகளில் முதன்மை பெற்று விளங்கிற்று.

இம்மாற்றத்தினால் நேர்ந்த இழப்பு யாது? புகழ் என்பது பிறர் வாயிலே இருப்பது. இன்ஹெனியோ என்பது ஒருவனது உள்ளத்திலே இருப்பது. முதற் பாகம் தொடங்கும்போது டொன் கிஹோத்தேக்குப் புகழ் எதுவும் இல்லை. அடுத்த ஊராரும் அவரை அறியார். தம் குதிரைக்குப் பெயர் தேட நான்கு நாட்களும், தமக்குப் பெயர் தேட எட்டு நாட்களும் தனிமையிலே சிந்திக்கின்றார். அந்தத் தனிமையில் அவரிடம் இருந்த செல்வமெல்லாம் கற்பனை ஒன்றே. அதனை உரைக்கும் சொல்லை நீக்கிப் புகழ்பெற்றவர் என்று எழுதும்போது, நூலாசிரியர் கதைத் தலைவனுக்குக் கொடுத்த செல்வம் மறைந்துவிடுகின்றது. ஊரார் கொடுத்த பட்டம் ஒன்றே மிஞ்சுகின்றது.

ஆயினும் அம்மொழிபெயர்ப்பாளர்கள் முற்றிலும் பொய் சொன்னாரல்லர். 1755 இல் டொன் கிஹோத்தே உண்மையிலேயே புகழ்பெற்றவர்தாம். இங்கிலாந்தில் அவரை அறியாத வாசகர் அரியர். நூலின் இரண்டாம் பாகத்திலேயே, முதற் பாகத்தைப் படித்தவர்கள் அவரைக் கண்டு வியக்கும் நிகழ்ச்சிகள் உண்டு. ஆனால், செர்வாந்தேஸ் 1615 இல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டபோது தலைப்பில் இதால்கோ என்பதை மாற்றிப் போர்மறவர் என்று எழுதினார். இன்ஹெனியோசோவை மட்டும் மாற்றவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் அவெல்யானேதா என்னும் புனைபெயருடைய ஒருவர் போலித் தொடர்ச்சி ஒன்றை அச்சிட்டார். கதைத் தலைவனைத் திருடிய அவரும் அடைமொழியை விட்டுவைக்கவில்லை. இன்ஹெனியோசோ என்றே எழுதினார். நண்பரும் பகைவரும் ஒருங்கே தேவையெனக் கருதிய சொல்லைத்தான் ஆங்கிலத் தலைப்புகள் இழந்தன.

இழந்ததை மீட்க முயன்றவர் சாள்ஸ் ஜாவிஸ். அவர் எழுத்தாளரல்லர், உருவப்படம் தீட்டும் ஓவியர், கவிஞர் போப்பின் நண்பர். 1739 இல் அவர் காலமானார். அவரது மொழிபெயர்ப்பு 1742 இல் வெளிவந்தது. அதன் தலைப்பிலே 'இன்ஜீனியஸ்' என்னும் ஆங்கிலச் சொல் இன்ஹெனியோசோவின் இடத்தைப் பிடித்தது. இரு சொற்களும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. ஒலியும் ஒத்தது, அக்காலத்துப் பொருளும் பெரும்பாலும் ஒத்தது. இன்ஜீனியஸ் என்பதற்கு நுண்மதியும், புனையும் ஆற்றலும், மேதைமையும் உடையவர் என்றே ஜோன்சனின் அகராதியும் பொருள் கூறியது. ஓவியரின் கண் உருவத்தின் சாயலைக் கண்டுகொண்டது எனலாம்.

பிற ஐரோப்பிய மொழியினர் சிலர் இந்த வழியைத் தொடக்கத்திலேயே கண்டிருந்தனர். 1614 இல் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்த செசார் ஊதேனும், 1622 இல் இத்தாலிய மொழியிற் பெயர்த்த பிராஞ்சோசீனியும் தத்தம் மொழியிலே அந்த இலத்தீன் வேரின் கிளைச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். இலத்தீனின் வழித்தோன்றல்களான மொழிகளுக்கு அது எளிது. ஜெர்மன் மொழிக்கு அவ்வாறு இயலவில்லை. 1799 இல் வெளிவரத் தொடங்கிய தீக்கின் மொழிபெயர்ப்பு 'கூர்மதி படைத்த' என்ற கருத்துள்ள சொல்லை வைத்தது. 1883 இல் பிரவுன்பெல்ஸ் 'கருத்துவளம் நிறைந்த' என்ற பொருள்படும் வேறொரு சொல்லைத் தேர்ந்தார். ஆங்கிலமோ இரு மரபுகளுக்கும் நடுவே நிற்பது. ஜெர்மானிய வேரினதான 'விட்'டும் அதன் கையில் உண்டு; இலத்தீன் வேரினதான 'இன்ஜீனியஸ்' என்பதும் உண்டு. இரண்டு கதவுகள் இருந்தமையாலேயே எதனைத் திறப்பது என்ற தடுமாற்றமும் அதற்கு நேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜாவிசின் சொல் வெற்றி பெற்றது. 1885 இல் ஜோன் ஓம்ஸ்பி வெளியிட்ட, மூலத்துக்கு மிக நெருங்கிய மொழிபெயர்ப்பு, 'இன்ஜீனியஸ்' என்னும் அடைமொழியைத் தாங்கி வந்தது. ஷெல்ட்டனின் பழைய நூலைப் புதுப்பித்து வெளியிடவே ஓம்ஸ்பி நெடுங்காலம் விரும்பியிருந்தார். பழைய ஆங்கிலம் இக்கால வாசகருக்கு எட்டாது என்பதை உணர்ந்த பின்னரே, தயக்கத்தோடு தாமே பெயர்க்கத் துணிந்தார். 1949 இல் அமெரிக்காவில் சாமுவேல் பட்னமும் அதே அடைமொழியை ஏற்றார். 2000 ஆம் ஆண்டில் ஜோன் றதபோட், அடைமொழியை அவ்வாறே வைத்து, இதால்கோ என்ற ஸ்பானியச் சொல்லையும் மொழிபெயர்க்காமலே அதன் அருகில் நிறுத்தினார்.

ஆனால், காலம் இன்ஜீனியஸ் என்னும் சொல்லையும் விட்டுவைக்கவில்லை. மேதைமை என்ற பொருள் அதனை விட்டு நீங்கிற்று; உபாயம் செய்யும் கெட்டித்தனம் என்பதே எஞ்சிற்று. புதுவகைப் பூட்டைச் செய்தவனையும், சிக்கலான கணக்குக்குக் குறுக்கு வழி கண்டவனையும் இன்று அச்சொல்லால் ஆங்கிலேயர் பாராட்டுவர். மட்டையினால் தலைக்கவசம் செய்த ஒரு வாரத்துக்கு மட்டும் டொன் கிஹோத்தேக்கு அது பொருந்தும். வழிப்போக்கர் விடுதியைக் கோட்டையென்று கண்ட இரவுக்குப் பொருந்துமா? காற்றாலைகளை அரக்கரென்று கண்டு ஈட்டியுடன் பாய்ந்த பகலுக்குப் பொருந்துமா? விடுதியைக் கோட்டையாகக் கண்ட அதிகாரத்தின் தலைப்பிலே செர்வாந்தேஸ் அவரை இன்ஹெனியோசோ என்றே குறிப்பிடுகின்றார் என்பது கருதத்தக்கது. அங்கே அச்சொல் கைத்திறனைக் குறிக்கவில்லை. கண்ணெதிரே உள்ளதை மறைத்து, இல்லாததைப் படைத்துக் காட்டும் மனத்தையே குறிக்கின்றது.

இதனாற் போலும், இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சிலர் அடைமொழியே வேண்டாமென்று முடிவு செய்தனர். 1950 இல் கோஹென் செய்த மொழிபெயர்ப்பு 'டொன் கிஹோத்தேயின் துணிகரச் செயல்கள்' என்ற பொருளுள்ள தலைப்போடு வந்தது. 2003 இல் ஈடித் குரோஸ்மன் வெளியிட்ட நூலுக்குப் பெயர் மட்டுமே தலைப்பு. 1604 ஆம் ஆண்டின் பத்திரத்தில் பெயர் இன்றி அடைமொழி நின்றது; 2003 ஆம் ஆண்டின் அட்டையில் அடைமொழி இன்றிப் பெயர் நிற்கின்றது. நானூறு ஆண்டுகளில் நூலின் தலைப்பு இவ்வாறு தலைகீழாயிற்று.

இவ்வரலாற்றைக் கேட்போர், மொழிபெயர்ப்பு என்பது ஒருபோதும் கைகூடாத செயல் என்று எண்ணிவிடக்கூடும். அது பொருந்தாது. ஷெல்ட்டன் 1612 இல் சரியாகவே சொன்னார். ஜாவிஸ் 1742 இல் சரியாகவே சொன்னார். அவர்கள் நின்ற நிலம்தான் நகர்ந்தது. மூல நூல் அச்சிட்டவாறே இருக்க, அதனைச் சூழ்ந்த மொழிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆகவேதான் ஒரு நூலை ஒரு மொழியிற் பெயர்க்கும் பணி ஒரு தலைமுறையோடு முடிவதில்லை. முன்னவர் பிழைத்தார் என்பதற்காக மட்டுமன்று, முன்னவர் சரியாகச் சொன்ன சொல் இப்போது வேறொன்றைச் சொல்லுகின்றது என்பதற்காகவும் மீண்டும் மொழிபெயர்க்க வேண்டியுள்ளது.

செர்வாந்தேசே இதனை அறிந்திருந்தார் போலும். தமது நூலே ஒரு மொழிபெயர்ப்பு என்று அவர் கதையின் நடுவிலே விளையாட்டாகச் சொல்லுகின்றார். தொலேதோ நகரத்துக் கடைத்தெருவில் அரபுக் கையெழுத்துச் சுவடி கிடைத்ததாம். அரபு அறிந்த ஒருவர் உலர்ந்த திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பெற்று, ஒன்றரை மாதத்துக்குச் சிறிது மேற்பட்ட காலத்தில் அதனைப் பெயர்த்துக் கொடுத்தாராம். கற்பனை மொழிபெயர்ப்பாளர் எடுத்த காலமும், உண்மையான ஷெல்ட்டன் கூறிய நாற்பது நாட்களும் ஏறக்குறைய ஒத்திருப்பது ஒரு வேடிக்கை. இரண்டாம் பாகத்தில் டொன் கிஹோத்தே பார்சலோனா நகரின் அச்சுக்கூடம் ஒன்றுக்குச் செல்கின்றார். மொழிபெயர்ப்பைப் படிப்பது சித்திரத் திரைச்சீலையைப் பின்பக்கமாகப் பார்ப்பதை ஒக்கும் என்று அங்கே அவர் கூறுகின்றார். உருவம் தெரியும், ஆனால் நூல்முடிச்சுகள் அதனை மறைக்கும் என்பது கருத்து. இன்ஹெனியோசோ என்பது அத்தகைய முடிச்சுகளில் ஒன்று.

கதையின் முடிவிலே அந்த முடிச்சும் அவிழ்கின்றது. தோல்வியுற்று ஊர் திரும்பிய டொன் கிஹோத்தே காய்ச்சலுற்றுப் படுக்கின்றார். நீண்ட உறக்கத்தின் பின்னர் தெளிந்த அறிவோடு விழிக்கின்றார். தாம் இனி டொன் கிஹோத்தே அல்லர் என்றும், நன்னடத்தையால் 'நல்லவர்' என்று பெயர் பெற்ற அலோன்சோ கிஹானோ என்றும் சூழ நின்றோருக்கு அறிவிக்கின்றார். 'நல்லவர்' என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'புவெனோ' என்று பெயர். அதனைப் பெயர்ப்பதில் ஷெல்ட்டனுக்கும் இடர்ப்பாடு இல்லை, குரோஸ்மனுக்கும் இல்லை. எந்த மொழியிலும் சிறு பிள்ளையும் அறிந்த சொல் அது.

அறிவின் வியப்பைச் சொல்லும் அடைமொழியோடு தொடங்கிய வாழ்வு, நடத்தையின் நன்மையைச் சொல்லும் அடைமொழியோடு நிறைவெய்துகின்றது. முன்னதை உலகம் நானூறு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கின்றது. பின்னதைக் கேட்டவுடன், சூழ நின்ற சாஞ்சோ பான்சா முதலிய எளிய மனிதர்கள் கண்ணீர் விட்டனர்; அவர் டொன் கிஹோத்தேயாய் இருந்தபோதும் நல்லவராகவே இருந்தார் என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர்.